கீழ்வீட்டுக் காகுவைக் கடித்த நாள்

என் அப்பாவின் எலும்பை முறிக்கப்போவதாகச் சொன்ன மனிதரின் கையை நான் ஒரு முறை கடித்திருக்கிறேன். ரத்தம் வரவில்லை. ஆனால் பல் தடம் நன்றாகவே பதிந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கல்கத்தாவில், காளிகாட் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் நாங்களும் கீழே அவர்களுமாகக் குடியிருந்தோம்.

அவரைக் காகு என்று கூப்பிடுவேன். நாம் சித்தப்பா என்று சொல்வதை அங்கே அப்படிச் சொல்வார்கள். அவர் மனைவி காகிமா. அம்மாவுக்குப் பிரசவமான சமயத்தில் ஊரிலிருந்து யாரும் வர முடியாமல் போனபோது, வெந்நீர் வைத்தது முதல் துணி துவைத்தது வரை காகிமாதான். பதிலுக்கு அம்மா இட்லி வார்க்கும்போதெல்லாம் ஒரு தட்டு கீழே போகும். இட்லியைக் காகு சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவார். அதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கும் என்றாலும், நல்ல மனிதர் என்று மன்னித்திருந்தேன்.

அப்பாவும் காகுவும் ஹவுராவில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். ரயில் வேகன்களுக்கு உதிரிச் சாமான்கள் செய்கிற இடம். அப்பாவுக்கு ஆபீஸில் மேஜை. தொழிலாளர் சம்பந்தப்பட்ட உத்தரவுகளெல்லாம் அவர் கையெழுத்தோடுதான் வெளியே போகும். காகு பட்டறையில் ஃபிட்டர். யூனியனிலும் அவருக்கு ஏதோ ஒரு பொறுப்பு இருந்தது.

அறுபதுகளின் கடைசி அது. வேகன் செய்கிற ஆர்டர் நின்றுபோய், ஹவுராவில் பட்டறைக்குப் பட்டறை கதவு சாத்திக்கொண்டிருந்த காலம். இதெல்லாம் பெரியவர்கள் கவலை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கெரோ என்ற வார்த்தைதான். எந்த ஆபீஸில் யாரைச் சுற்றி வளைத்தார்கள், எத்தனை நேரம் தண்ணீர் கொடுக்காமல் உட்கார்த்தி வைத்தார்கள் என்பதுதான் அந்த நாளில் ஊர்ப் பேச்சு. சந்துப் பிள்ளைகள் நாங்கள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டோம். ஒருவன் மானேஜர். அவனை நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் கைகோத்துச் சுற்றிக்கொண்டு, "சோல்பே நா! சோல்பே நா!" என்று கத்துவோம். நடக்காது, விடமாட்டோம் என்று அர்த்தம். ஆட்டம் சிரிப்பில்தான் ஆரம்பிக்கும். சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஒரு கை நீண்டு மானேஜரைக் கிள்ளும். பிறகு எல்லாக் கைகளும் கிள்ளும். மானேஜர் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடுவான். யார் முதலில் கிள்ளியது என்று பெரியவர்கள் வந்து கேட்டால் எங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. அடுத்த நாள் அவனும் வளையத்தில் நின்று கிள்ளுவான்.

ஒரு நாள் அப்பாவின் தொழிற்சாலையிலும் ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். முடிவு செய்தவர்கள் டல்ஹௌசியில் தலைமை ஆபீஸில் இருந்தார்கள். தொழிற்சாலையில் இருந்த பெரிய அதிகாரிகளுக்கு அன்று பார்த்து வெளியூரில் வேலை வந்துவிட்டது. நோட்டீஸின் அடியில் இருந்தது அப்பாவின் கையெழுத்து. அறையில் இருந்தவரும் அப்பா ஒருவர்தான். கறிகாய்க்காரன் சொத்தைக் கத்தரிக்காயைப் போட்டால்கூடத் திருப்பிக் கேட்காத மனிதர்.

அன்று சாயங்காலம் அப்பா வரவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குக் காகிமா மாடியேறி வந்து, அப்பாவைக் கெரோ செய்திருக்கிறார்கள் என்று சொன்னாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே பௌதி. அங்கே இவர் இருக்கார்" என்றாள். பௌதி என்றால் அண்ணி. எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதியாகிவிட்டது. காகு இருக்கிற இடத்தில் அப்பாவுக்கு என்ன வந்துவிடும் என்று சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அம்மா தூங்கினாளா என்று தெரியாது.

மறுநாள் காலையில் அம்மா தயிர்சாதம் பிசைந்து டிபன் கேரியரின் எல்லா அடுக்குகளிலும் நிறைத்தாள். மேலடுக்கில் மட்டும் மோர்மிளகாய். தம்பிப் பாப்பாவைக் கொண்டுபோய்க் காகிமாவிடம் விட்டாள். புருஷனைச் சுற்றி வளைத்து வைத்திருப்பவர்களில் ஒருவரின் வீட்டில் குழந்தையை விட்டுப் போகிறோமே என்று அவளுக்கும் தோன்றவில்லை. வாங்கிக்கொண்ட காகிமாவுக்கும் தோன்றவில்லை. என்னைக் கூட அழைத்துப் போனதற்குக் காரணம், அம்மாவுக்குத் தெரிந்த வங்காளம் காய்கறிக்கும் காய்ச்சலுக்கும் மட்டும்தான் போதும். எனக்கோ தமிழைவிட அதுதான் சரளம்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று டிராமில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்க்கக்கூட என்னை விடவில்லை.

தொழிற்சாலை வாசலில் கூட்டம். காவலுக்கு நின்ற தர்வான் எங்களைப் பார்த்துத் தயங்கினான். அம்மா டிபன் கேரியரைச் சற்று உயர்த்திக் காட்டினாள். அவன் திட்டிவாசலைத் திறந்துவிட்டான். உள்ளே இருந்தவர்களும் பெண்பிள்ளை, குழந்தை என்று விலகி வழி விட்டார்கள். அந்த முகங்களில் பாதி எனக்குத் தெரிந்தவை. விஸ்வகர்மா பூஜைக்கு அப்பா என்னைப் பட்டறைக்கு அழைத்துப் போவார். கையில் சந்தேஷ் இனிப்பு வைத்து அழுத்தியவர்கள், காற்றாடி விடக் கற்றுக்கொடுத்தவர்கள், என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்ட பெரிய மீசைக்காரர் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் ஒரே முகத்தை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. கண்கள் சிவந்து, தாடை இறுகி, ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரே முகம்.

அப்பாவின் அறைக்கு முன்னால் நீண்ட வராந்தா. கதவு திறந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. மேஜைமேல் இருந்த டெலிபோனின் வயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. யாரோ மைக்கூட்டை வீசியிருக்க வேண்டும், அப்பாவின் சட்டை முன்பக்கமெல்லாம் நீலமாக இருந்தது. மூக்குக் கண்ணாடி இல்லாமல், சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், அவர் முகத்தில் எச்சில் தெறிக்கிற தூரத்தில் நின்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

காகு.

அவர் அப்பாவை எப்போதும் தாதா, அதாவது அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நீங்கள் போட்டுத்தான் பேசுவார். அன்று "துய்" என்றார். வங்காளத்தில் குழந்தையையும் நாயையும் எதிரியையும் கூப்பிடுகிற நீ அது. "திருடன்! ரத்தத்தை உறிஞ்சுறவன்! உன் எலும்பை முறிச்சுக் கங்கையிலே தூக்கிப் போடலேன்னா நான் என் அப்பனுக்குப் பிறக்கலை!" அதற்கப்புறம் சொன்னவற்றில் பாதி வார்த்தைகள் எனக்குத் தெரியாதவை, மீதி வார்த்தைகளைச் சொன்னதற்காகச் சந்தில் பிள்ளைகள் அடி வாங்குவார்கள். ஒவ்வொரு வசவுக்கும் கூட்டம் ஆமாம் என்று உறுமியது. அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினால் பின்வரிசையில் சலசலப்பு எழும். உடனே அவர் இன்னும் பெரியதாக ஒன்றை எடுத்து விடுவார்.

மீசைக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். கையில் நீளமான ஸ்பானர்.

"பேசிப் பேசியே பொழுது விடிஞ்சாச்சு. தள்ளு நீ" என்றார்.

காகு அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். "நீ யாரு நடுவிலே? இவன்கூட தினம் ஒரே டிராம்லே வந்தவன் நான்! ஒரே வீட்டிலே மேலே இவன், கீழே நான்! இவன் கழுத்தறுத்தது முதல்லே என்னைத்தான். முதல் அடி என்னுது. ஒருத்தன் தொடக்கூடாது இவனை! இவன் எனக்கு!"

சொல்லிக்கொண்டே அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கி, மூலைக்குள் இன்னும் தள்ளி, தானே குறுக்கே நின்றார். இப்போது அப்பாவின் தலைமயிர் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கூட்டத்துக்கு அந்த நியாயம் சரியாகப் பட்டிருக்க வேண்டும். மீசைக்காரர் ஸ்பானரை இறக்கவில்லை, ஆனால் மேலே வரவும் இல்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். காகுவுக்கு அப்பாவைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும். அதைப் பங்கு போட்டுக்கொள்ளக்கூட அவருக்கு மனமில்லை.

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. "கேளுடி. அப்பா சாப்பிட்டாரான்னு கேளு."

நான் ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேளுன்னா!"

கேட்டேன். அப்படியே சொல்லச் சொல்லியிருந்தாளே, அதனால், "அம்மா கேக்கறா, அப்பா சாப்பிட்டாரான்னு" என்று வங்காளத்தில் சொன்னேன். அவ்வளவு சத்தத்தில் என் குரல் எப்படிக் கேட்டதோ, அறை சட்டென்று அடங்கியது. எல்லோரும் திரும்பினார்கள். காகுவும் திரும்பினார். ஒரு கணம், பேச வந்ததை மறந்துவிட்டவர் போல வாயைத் திறந்தபடி நின்றார். அடுத்த கணம் பாய்ந்து வந்து அம்மா கையிலிருந்த டிபன் கேரியரைப் பிடுங்கினார்.

"தின்னு!" என்று அதை அப்பாவின் முன்னால் மேஜையில் ஓசையோடு வைத்தார். "பட்டினியிலே மயக்கம் போட்டு விழுந்தா பேப்பர்லே எங்க பேரைத்தான் போடுவான். முதல்லே தின்னு. அப்புறம் அடி வாங்கு!"

எங்கேயோ ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு சுற்றுமுற்றும் பார்த்து அடக்கிக்கொண்டார். அப்பா உட்கார்ந்தார். அடுக்கைத் திறந்தார். கைவைக்காமல், தன்னுடைய தப்பும் தவறுமான வங்காளத்தில், "இவங்க யாரும்கூட நேத்து மத்தியானத்திலேர்ந்து சாப்பிடலை. நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?" என்றார்.

முன்னால் நின்ற ஒருவர் எட்டிப்பார்த்து, "என்ன அது, பாயஸமா?" என்றார். வெள்ளையாகக் குழைந்த சாதத்தைப் பார்த்தால் அவர்களுக்கு அப்படித்தானே தோன்றும். அப்பா அடுக்கை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஆசையாக ஒரு மோர்மிளகாயையும் கடித்தார். அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

"கெட்டுப்போச்சு! புளிச்சுப்போனதைப் புருஷனுக்குக் கொண்டுவந்திருக்கா!"

இந்தத் தடவை சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிய அவர் தண்ணீர் கேட்டார். தண்ணீர்ப் பானை வந்தது. அதோடு அப்பாவுக்கும் ஒரு குவளை கிடைத்தது. புளிப்பைப் பார்த்தே ஆகவேண்டும் என்று இன்னும் நாலு கைகள் நீண்டன. என்னை அப்போதுதான் பார்த்தவர் போல ஒருவர், "அடே, நம்ம காற்றாடிப் பொண்ணு!" என்றார். ஒரே மாதிரி இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, உள்ளே இருந்த தனித்தனி மனிதர்கள் வெளியே வந்தார்கள்.

மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வராந்தாப் படியில் போய் உட்கார்ந்து ஸ்பானரைப் பக்கத்தில் வைத்தார். "பொண்ணுக்கு மாசி மாசம் கல்யாணம் பேசியிருக்கு. வேலை இல்லேன்னா யாரு வருவான்?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் யார்மேல் கோபமாக இருந்தார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

காகு அந்த நேரத்தை வீணாக்கவில்லை. "வயரை மாட்டுங்கடா! தின்னாச்சு இல்லே? இப்போ தன் எஜமானோட பேசட்டும். நாம எல்லாரும் கேக்கப் பேசட்டும்!" என்றார். டெலிபோனுக்கு உயிர் வந்தது. அப்பா தலைமை ஆபீஸைக் கூப்பிட்டார். ஆரம்பத்தில், யெஸ் சார், யெஸ் சார் என்றுதான் இருந்தது. பிறகு அவர் குரல் மாறியது. வீட்டில் நான் கேட்டிராத குரல். நீங்கள் நேரில் வந்து பேசுகிறவரை நோட்டீஸை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இவர்களோடு நானும் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். மறுமுனையில் நீண்ட நேரம் ஏதோ பேசினார்கள். அப்பா ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து, வெளியே போய், பலகையிலிருந்த நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தார்.

கூட்டம் எழுப்பிய சத்தத்தில் நான் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டேன். கோபத்துக்குப் போட்ட அதே சத்தம்தான் சந்தோஷத்துக்கும். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது, யாரோ அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொண்டுவந்து, தன் சட்டையில் துடைத்து அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது காகுவும் கூட வந்தார். டிராமில் முன்பெட்டி முதல் வகுப்பு, மின்விசிறி உண்டு. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு. அப்பாவும் காகுவும் தினமும் நிறுத்தம் வரை பேசிக்கொண்டே நடந்து போய், அங்கே பிரிந்து அவரவர் பெட்டியில் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று அப்பா யோசிக்காமல் காகுவின் பின்னால் பின்பெட்டியில் ஏறினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் அப்பாவின் தலை காகுவின் தோளில் சாய்ந்துவிட்டது. தூங்கிவிட்டிருந்தார். காகு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோளிலிருந்து அப்பாவைத் தட்டி எழுப்பிவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், "ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போகணும்" என்று காகுவை மாடிக்குக் கூப்பிட்டது. அதை அவரிடம் வங்காளத்தில் சொல்லும்படி என்னிடம் சொன்னாள். நான் சொல்லவில்லை. ஆனாலும் அவர் புரிந்துகொண்டு மேலே வந்து, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவுக்குக் கொடுக்கிற வெள்ளி டம்ளரில் அம்மா அவருக்குக் காபி ஊற்றினாள். காகு என்னைப் பார்த்துச் சிரித்து, தலையைத் தடவக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன்.

காகு அலறியதில் காகிமா குழந்தையோடு மேலே ஓடி வந்தாள். அம்மா என்னைப் பிய்த்து எடுத்து அடிக்கக் கை ஓங்கினாள். "அடிக்காதே பௌதி! விடு, விடு!" என்று காகு கையை உதறிக்கொண்டே தடுத்தார். குரல் கரகரத்து உடைந்தது. "நேத்திலேர்ந்து அத்தனை பேரும் அடிப்பேன் அடிப்பேன்னுதான் சொன்னோம். செஞ்சு காட்டினவ இவ ஒருத்திதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்புறம் அம்மாவும் காகிமாவும். அம்மா சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மத்தியானம் முழுக்க அப்பா தூங்கினார். எழுந்ததும் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ராத்திரி பூரா அவன் வாயை மூடலை. ஒரு நிமிஷம் மூடியிருந்தான்னா நான் இப்போ இங்கே உக்காந்திருக்க மாட்டேன்."

அதை நான் புகார் என்றே எடுத்துக்கொண்டேன். இவ்வளவு திட்டு வாங்கியும் அப்பா இவ்வளவு சாந்தமாகப் புகார் சொல்கிறாரே என்று அவர்மேல் எரிச்சல்கூட வந்தது. அத்தனை பேரின் கோபமும் ஒருவர் வாய் வழியாகவே வெளியேறிவிட்டால் அவர்கள் கைகளுக்கு வேலை இல்லாமல் போகும் என்றோ, அதற்காக ஒரு மனிதர் விடியும்வரை நிறுத்தாமல் கத்த வேண்டியிருந்தது என்றோ, அந்த மூலையில் அப்பாவைத் தள்ளியது அவரைத் தன் முதுகால் மறைக்கத்தான் என்றோ யாராவது சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். தலைமை ஆபீஸோடு பேச்சு மாதக் கணக்கில் இழுத்து, பெரும்பாலானவர்களுக்கு வேலை தங்கியது. மீசைக்காரரின் பெண் கல்யாணத்துக்கு நாங்கள் போய்ச் சாப்பிட்டோம். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று சாயங்காலம் அம்மா பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சி, கீழே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். மாட்டேன் என்று நின்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

காகு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கடித்த இடத்தில் காகிமா மஞ்சள் பூசியிருந்தாள். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றார், மறுபடியும் காற்றுதான். தொண்டையைத் தொட்டுக் காட்டி, போய்விட்டது என்று கையை விரித்தார். ஒரு சொட்டுக் குரல்கூட மிச்சமில்லை அவரிடம்.

அவர் பாலைக் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்று பார்த்தேன். சாமி சரியான ஆளைத்தான் தண்டித்திருக்கிறார் என்ற முழுத் திருப்தியோடு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.